மரத்தில் பெரிய வட்ட ஓட்டை போட எதை வாங்கலாம்?

மே 12, 2024 (வாசகர் கேள்வி)

அண்ணே, ஹட்டன் பக்கம் பழைய பங்களா ஒன்றைத் தங்குமிடமாக மாற்றுகிற வேலை எடுத்திருக்கிறோம். மேல்மாடி முழுக்கப் பலகைத் தரை. ஏழெட்டு இடத்தில் 4 அங்குல பிவிசி குழாய் இறக்க வேண்டும். அது முடிந்ததும் கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்து தரச் சொல்கிறார்கள். டவுன் ஹார்ட்வெயாரில் 19 முதல் 127 மி.மீ. வரை ஒரே பெட்டியில் ஹோல் சோ (ட்ரிலில் மாட்டுகிற, வாயில் பல் உள்ள கிண்ணம் மாதிரியான வட்ட வாள்) செட் இருக்கிறது, விலையும் மலிவு. அதை வாங்கினால் எல்லாவற்றுக்கும் சரிதானே?

மே 12, இரவு

தம்பி, வாங்க வேண்டாம். மலிவு என்பதற்காகச் சொல்லவில்லை, அந்தப் பெட்டியில் உங்களுக்கு வேண்டிய அளவே இருக்காது. நாம் 4 அங்குலக் குழாய் என்று சொல்வதன் வெளிவிட்டம் 110 மி.மீ. அந்த மாதிரிச் செட்டில் 102க்கு அடுத்து நேரே 127தான் வரும். 102இல் குழாய் நுழையாது. 127இல் சுற்றிவர எட்டு மி.மீ. சந்து விழும், எலிக்கு வழி விட்ட மாதிரி.

உங்களுக்கு வேண்டியது 114 மி.மீ. ஹோல் சோ, தனியாக ஒன்றே ஒன்று. பை-மெட்டலாகப் பார்த்து வாங்குங்கள். பல் ஹை ஸ்பீட் ஸ்டீல், உடம்பு வளையும் ஸ்டீல், இரண்டையும் ஒட்டிச் செய்தது அது. பழைய பங்களாப் பலகை என்றால் உள்ளே எங்கேயாவது துருப்பிடித்த ஆணி இருந்தே தீரும். செட்டில் வருகிற சாதாரண கார்பன் ஸ்டீல் தகடு முதல் ஆணியிலேயே பல் கொட்டிவிடும். பை-மெட்டல் ஆணியைக் கடித்துக்கொண்டு போய்விடும், கொஞ்சம் மெதுவாகப் போனால் போதும்.

ஆர்பர், அதாவது ஹோல் சோவை ட்ரிலில் பிடிக்கும் தண்டு, தனியாக வாங்க வேண்டும். நடு பிட்டும் அதில்தான் இருக்கும். 32 மி.மீ.க்கு மேற்பட்ட ஹோல் சோக்களுக்குப் பொதுவாக 5/8 அங்குல மரை. வாங்கும்போது ஆர்பரில் இரண்டு பின் இருக்கிறதா, அவை ஹோல் சோவின் முதுகில் உள்ள ஓட்டைகளில் போய் உட்காருகின்றனவா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். பின் இல்லாவிட்டால் வேலை செய்யச் செய்ய மரை இறுகிக்கொண்டே போகும், பிறகு கழற்ற ஏலாது.

இன்னொன்று. குழாய் இறங்கும் இடத்தைக் கீழே போய் நின்று பார்த்துவிட்டுத்தான் மேலே குறி போட வேண்டும். பலகையைத் தாங்கும் கட்டையில் 110 மி.மீ. ஓட்டை போடவே கூடாது. கட்டையில் ஓட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது, அதுவும் நடு உயரத்தில்தான். 6 அங்குலக் கட்டையில் 2 அங்குலம். உங்கள் குழாய் எங்கே, 2 அங்குலம் எங்கே. இரண்டு கட்டைக்கு நடுவில் இறக்குங்கள்.

மே 13

ட்ரில் மெஷினைப் பற்றி நேற்று எழுதாமல் விட்டேன். இன்று காலையிலேயே கேட்டிருக்கிறார், வீட்டில் இருக்கிற சாதாரண 13 மி.மீ. ட்ரில் போதுமா என்று.

போதும், போதாது இரண்டும் சரி. கணக்கைப் பாருங்கள். சாதாரண ட்ரில் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2800 சுற்று வரை போகும். 10 மி.மீ. பிட் அந்த வேகத்தில் சுற்றினால் அதன் விளிம்பு நிமிடத்துக்கு 88 மீட்டர் ஓடுகிறது. 110 மி.மீ. ஹோல் சோவின் பல்லும் அதே 88 மீட்டரில் ஓட வேண்டுமென்றால் 255 சுற்றுத்தான் தேவை. முழு வேகத்தில் விட்டால் பல் நிமிடத்துக்கு 960 மீட்டருக்கு மேல் ஓடும். மரம் அறுபடாது, கருகும். புகை வரும், பல்லின் கூர் போகும், அதோடு அந்த ஹோல் சோ முடிந்தது.

ஆகவே கியர் இரண்டு உள்ள ட்ரில் வேண்டும், 1ஆம் கியரில் போட்டு 300, 400 சுற்றுக்குள். இப்போது வருகிற பேட்டரி ட்ரில்களில் கீழ்க் கியர் பெரும்பாலும் 400, 500இல்தான் நிற்கும், அது நல்லது. ட்ரிகரை மெல்ல அழுத்தி சாதாரண ட்ரிலிலும் வேகத்தைக் குறைக்கலாம்தான், ஆனால் குறைந்த வேகத்தில் அதற்குப் பலம் இல்லை, மோட்டார் சூடேறும். மாலை நேரத்தில் கரண்ட் இறங்குகிற லயத்துப் பக்கம் என்றால் இன்னும் மோசம்.

பக்கவாட்டுக் கைப்பிடி இல்லாமல் 114ஐத் தொடக்கூடாது. பல் ஒரு இடத்தில் பிடித்து நின்றுவிட்டால் மெஷின் முழுக்கச் சுற்றும், மணிக்கட்டு திருகிப் போகும். ஏணியில் நின்று கூரைப் பக்கம் போடுகிறவர்கள் இதை இரண்டு மடங்கு நினைவில் வைக்க வேண்டும்.

மே 13, மாலை

ஒரு சின்ன விஷயம், ஆனால் வேலை பாதியாகும். ஹோல் சோவை வைத்து லேசாக ஒரு வட்டம் கீறிவிட்டு எடுத்துவிடுங்கள். அந்த வட்டக் கோட்டைத் தொட்டபடி உள்பக்கமாக, வெட்டி எறியப் போகும் பகுதியில், 10 மி.மீ. பிட்டால் இரண்டு மூன்று ஓட்டை தைரியமாகப் போட்டு இறக்குங்கள். தூள் அந்த வழியாகக் கீழே விழும். இல்லாவிட்டால் பல்லுக்கு இடையில் தூள் இறுகி, அறுப்பது நின்று தேய்ப்பது ஆரம்பிக்கும். வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்: நன்றாக அறுபடும்போது வருவது வெளிறிய சுருள் துகள், கையில் அள்ளினால் சொரசொரவென்று இருக்கும். தேய்க்கும்போது வருவது மா மாதிரி பழுப்புத் தூள், கூடவே கருகல் வாசம். வாசம் வந்த உடனே நிறுத்துங்கள்.

நடு பிட் மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, திருப்பி அந்தப் பக்கத்திலிருந்து அறுத்து முடித்தால் இரண்டு முகமும் சிலாம்பு இல்லாமல் வரும். தரையில் பொருத்திய பலகையைத் திருப்ப முடியாது, கீழே போய் ஏணியில் நின்று முடிக்க வேண்டும். கீழ்முகம் சீலிங்கில் மறைகிறது என்றால் அந்தச் சிரமமே வேண்டாம்.

மே 19

இடையில் வந்த இரண்டு யோசனைகளுக்குப் பதில்.

ஒருவர் சொல்கிறார், ஆங்கிள் கிரைண்டரில் சங்கிலி வாள் மாதிரியான மரம் வெட்டும் தட்டு மாட்டி வட்டமாகச் சுற்றிவிடலாம் என்று. 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று. அந்தத் தட்டு மரத்தில் பிடித்தால் மெஷின் ஆளை நோக்கித் துள்ளும். தட்டையான தட்டால் வளைவு வெட்டும்போது பிடிக்காமல் இருக்கவே இருக்காது. இதை யாரும் செய்ய வேண்டாம். கை போன பிறகு வேலை செய்ய ஏலாது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொருவர் சொன்னது, நடுவில் ஒரு பிட்டும் பக்கவாட்டில் நீட்டிய கம்பியில் ஒரே ஒரு வெட்டும் பிளேடும் உள்ள அந்த வட்ட வெட்டி. ஒரே கருவியில் 200 மி.மீ. வரைகூட அளவு மாற்றலாம் என்பதால் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் எடை முழுக்க ஒரு பக்கம் இருக்கிறது. கை ட்ரிலில் மாட்டினால் உதறும், கம்பி சுற்றுவதே கண்ணுக்குத் தெரியாது, விரல் போய்விடும். ட்ரில் ப்ரெஸ் (நிலையாக நிறுத்திய ட்ரில் மெஷின்) உள்ளவர்கள், பலகையை க்ளாம்ப் போட்டு இறுக்கி, மெஷினின் ஆகக் குறைந்த வேகத்தில் மட்டும் பயன்படுத்தலாம். அப்படிச் செய்தால் சுவர் வழவழவென்று வரும், அதை ஒப்புக்கொள்கிறேன். கையுறை போடாதீர்கள், சுற்றுகிற எதற்குக் கிட்டவும் கையுறை ஆபத்து.

ஃபோர்ஸ்ட்னர் பிட்டையும் கேட்டிருந்தார்கள். அது வேறு வேலைக்கு. அமெரிக்காவில் துப்பாக்கி செய்த பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் 1874இல் காப்புரிமை பெற்றது. நடு முனையை நம்பாமல் விளிம்பையே பிடித்துக்கொண்டு போவதால் அடி தட்டையாக வரும், அதனால் பாதி ஆழ ஓட்டைக்கு அதை அடிக்க ஆளில்லை. அலுமாரிக் கதவின் உள்கீலுக்கு 35 மி.மீ. போடுகிறோமே, அதற்கு இதுதான். 110க்கு இதைத் தேடாதீர்கள்.

மே 26

ஸ்பீக்கர் பெட்டிக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

முதலில் அளவு. 12 அங்குல ஸ்பீக்கர் என்றால் 12 அங்குல ஓட்டை என்று நினைத்து வெட்டினால் ஸ்பீக்கர் பெட்டிக்குள் விழுந்துவிடும். 12 அங்குலம் என்பது வெளி ஃப்ரேம். வெட்ட வேண்டியது ஃப்ரேமின் விளிம்புக்கு உள்ளே, பெரும்பாலும் 280 மி.மீ. சுற்றுவட்டாரம். மொடலுக்கு மொடல் மாறும், ஆகவே தாளில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள், தாள் இல்லாவிட்டால் ஸ்பீக்கரைக் கவிழ்த்து அளந்துகொள்ளுங்கள்.

280க்கு ஹோல் சோ தேட வேண்டாம். 6 அங்குலத்துக்கு மேல் எனக்கு ஹோல் சோவில் நம்பிக்கையே கிடையாது. அந்த அளவில் இரண்டு வழி, ஜிக் சோ (ஒடுங்கிய பிளேட் மேலும் கீழும் ஓடி அறுக்கும் மெஷின்) அல்லது ரவுட்டர் (சுற்றும் பிட்டால் மரத்தைக் குடைந்து வெட்டும் மெஷின்).

ரவுட்டர் என்றால் வட்டம் வெட்டும் ஜிக்கைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். 6 மி.மீ. ப்ளைவுட் துண்டு ஒன்று, ரவுட்டரின் அடித்தட்டை விட நீளமாக. அடித்தட்டின் ஸ்க்ரூ ஓட்டைகளையே இதிலும் போட்டு ரவுட்டரை மாட்டிவிடுங்கள். வெட்டப் போகும் வட்டத்தின் நடுவில், இந்தத் துண்டின் வழியாக ஒரு ஆணி. ஆணியிலிருந்து பிட்டின் வெளி விளிம்பு வரை 140 மி.மீ. இருந்தால் 280 ஓட்டை. வட்டத் தட்டு வேண்டுமென்றால் (மேசைக்கு, ஸ்டூலுக்கு) ஆணியிலிருந்து பிட்டின் உள் விளிம்பு வரை அளக்க வேண்டும். 6 மி.மீ. பிட்டில் இதை மாற்றி அளந்தால் விட்டத்தில் 12 மி.மீ. தவறும்.

ஒரே தடவையில் ஆழமாக இறக்காதீர்கள். 18 மி.மீ. ப்ளைவுட் என்றால் தடவைக்கு 3 மி.மீ. போதும். கடைசிச் சுற்றுக்கு முன் நடுத் துண்டைக் கீழே ஒரு பலகையோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் வெட்டு முடிகிற அந்த நொடியில் நடுத் துண்டும் ஆணியும் சேர்ந்து நகரும், பிட் சுவரில் ஒரு கடி கடிக்கும்.

ப்ளைவுட், எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) தூள் மூக்குக்கு நல்லதல்ல. காம்பராவுக்குள் வைத்து வெட்டாமல் இஸ்தோப்புக்கு எடுத்து வந்து, மாஸ்க் போட்டுக்கொண்டு வெட்டுங்கள்.

ஜூன் 2

ரவுட்டர் இல்லை, வாங்கவும் சல்லி இல்லை என்று எழுதியிருந்தார். தேவையில்லை தம்பி. ஸ்பீக்கரின் ஃப்ரேம் வெட்டு விளிம்பை மூடிவிடும், யாரும் பார்க்கப் போவதில்லை. ஜிக் சோ போதும்.

ஜிக் சோவின் பிளேட் மேல்நோக்கி இழுக்கும்போதுதான் அறுக்கும், ஆகவே சிலாம்பு மேல்முகத்தில் வரும். வட்டத்தைப் பலகையின் பின்பக்கம் வரைந்து அங்கிருந்து வெட்டினால் முன்முகம் தப்பும். பிளேட் ஒடுக்கமாக இருக்க வேண்டும், வளைவுக்கென்றே வருவது உண்டு, டி 244 டி மாதிரி. அகலமான நேர் வெட்டுப் பிளேட்டை வட்டத்தில் திருப்பினால் கீழ்ப்பக்கம் சாய்ந்துகொண்டு போகும், மேலே வட்டம், கீழே முட்டை.

தள்ளாதீர்கள். அதுவே அறுத்துக்கொண்டு போகட்டும். கோட்டுக்கு ஒரு மி.மீ. உள்ளேயே வெட்டி, மீதியை அரைவட்ட மர அரத்தால் சீவிக்கொள்வது நல்லது.

ஜூன் 16

இது பண்டாரவளையிலிருந்து வந்த கேள்வியால் எழுதுவது. அவர் கிராண்டிஸ் (யூகலிப்டஸில் ஒரு வகை) பலகையில் வாஷ் பேசினுக்கு வட்டம் வெட்டியிருக்கிறார். சில மாதத்தில் பேசினை எடுத்துத் திரும்பப் போட்டால் இறங்கவில்லை. ஜிக் சோ சரியில்லை என்கிறார்.

ஜிக் சோவில் பிழையே இல்லை. பலகை பச்சை. மரக்காலையிலிருந்து நேரே வருகிற கிராண்டிஸ், வெட்டி எத்தனை நாள் என்றே தெரியாமல் வருகிறது. மரம் காயும்போது நார் ஓடும் திசையில் சுருக்கம் கிட்டத்தட்ட இல்லை, குறுக்கேதான் சுருங்கும், அதிலும் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் இன்னும் அதிகம். ஆகவே பச்சையில் வெட்டிய வட்டம் காய்ந்ததும் முட்டையாகும். குறுக்கே 5 சதவீதம் சுருங்குவது யூகலிப்டஸில் அதிசயமே இல்லை.

இதை வைத்து முதலில் சொன்ன 114ஐத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய பங்களாப் பலகைக்கு 114 சரி, அது எப்போதோ காய்ந்துபோனது. ஆனால் அதே வீட்டில் இற்றுப்போன பலகையை எடுத்துவிட்டுப் புதுக் கிராண்டிஸ் போடுகிறார்கள் என்றால் கணக்கு வேறு. 114இல் 5 சதவீதம் போனால் 108. குழாய் 110. பலகை குழாயைக் கவ்விப் பிடிக்கும், குழாய் நசுங்கும், அல்லது பலகை வெடிக்கும். அந்த இடத்தில் 127 போட்டு மேலே கொலர் (குழாயைச் சுற்றி வரும் வளையம்) வைத்து மூடுவதுதான் புத்தி. எலிக்குக் கம்பி வலை சுற்றிவிடலாம்.

அதைவிட நல்லது பலகையை அடுக்கி, இடையில் குச்சி வைத்து, நிழலில் காயவிட்டு அப்புறம் வெட்டுவது. மழைக் காலத்தில் நுவரெலியா பக்கம் அது எவ்வளவு இழுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வேலை கொடுத்தவர் காத்திருக்க மாட்டார் என்பதும் தெரியும். முடிந்தவரை சொல்லிப் பாருங்கள்.

ஜூன் 16, இரவு

மரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னும் இரண்டு. பைனஸ் (பைன் மரம்) என்றால் பிசின் பல்லில் ஒட்டிக்கொள்ளும், அது ஒட்டிய ஹோல் சோ கூராக இருந்தாலும் அறுக்காது. மண்ணெண்ணெயில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு பழைய பல் தூரிகையால் தேய்த்தால் போய்விடும். துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள், நம் பனிமூட்டத்தில் ஒரு வாரம் அப்படியே கிடந்தால் துரு ஏறிவிடும்.

தேயிலைக்கு நிழலாக நிற்கிற சவுக்கு (சில்வர் ஓக், கடற்கரைச் சவுக்கு அல்ல) பலகை பார்க்க அழகு, வெட்டவும் சுலபம். ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும். நீளக் கைச் சட்டை போடுங்கள், முடிந்ததும் கழுவுங்கள்.

ஜூலை 7

கரண்ட் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று மஸ்கெலியாவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது.

பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை வாட்டுவது மேல்மாடியில், உருட்டும் மெஷின் கீழே. வாடிய கொழுந்து மாடித் தரையில் உள்ள வாய் வழியாகக் கீழே இறங்கும். அந்த மாதிரிப் பலகைத் தரையில் ஓட்டை போட மெஷினே வேண்டாம். வட்டத்தைக் கவராயத்தால் வரைந்து (பெரிய வட்டத்துக்கு ஆணியும் நூலும்), கோட்டுக்கு உள்பக்கமாகச் சின்னச் சின்ன ஓட்டைகளை நெருக்கமாகப் போட்டுக்கொண்டே போய், இடையில் நிற்கும் மரத்தை உளியால் தட்டி எடுப்பது, பிறகு கோடு வரை அரம். என் தாத்தா தோட்டத்துத் தச்சுக் கொட்டிலில் வேலை செய்தவர், கையால் சுற்றும் பிரேஸை நெஞ்சில் அழுத்திக்கொண்டு இதைத்தான் செய்வார். நிதானமான வேலை, ஆனால் எந்த அளவுக்கும் சரிவரும், கருகாது, கையையும் பிடுங்காது.

பிரேஸுக்கு விரியும் பிட் என்று ஒன்று உண்டு, பிளேடை நகர்த்தி 3 அங்குலம் வரை அளவு மாற்றலாம். பழைய இரும்புக் கடைகளில் கண்ணில் பட்டால் விடாதீர்கள், கூர் தீட்டினால் இன்னும் நன்றாக வேலை செய்யும். கடின மரத்தில் அதைச் சுற்ற நல்ல பலம் வேண்டும், பைனஸில் பிரச்சினை இல்லை.

ஒன்றிரண்டு ஓட்டைக்கு ஒடுங்கிய கை வாளும் போதும். 10 மி.மீ. ஓட்டையில் நுழைத்து கோட்டோடு அறுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஜூலை 8

முதலில் கேட்ட தம்பி வேலையைத் தொடங்கிவிட்டார். இரண்டு இடத்தில் முன்பு யாரோ 102 ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள், அதை 114 ஆக்க வேண்டும், நடு பிட் பிடிக்க மரம் இல்லை என்கிறார்.

ப்ளைவுட் துண்டில் 114 ஓட்டை ஒன்று போடுங்கள். அதைப் பழைய ஓட்டையின் மேல் சரியாக நடுவாக வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். ஆர்பரிலிருந்து நடு பிட்டைக் கழற்றிவிட்டு, ப்ளைவுட் ஓட்டையே வழிகாட்டியாக ஹோல் சோவை இறக்குங்கள். ஆரம்பத்தில் அசையப் பார்க்கும், இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக. பல் ஒரு மி.மீ. இறங்கிவிட்டால் பிறகு அதுவே போகும்.

ஹோல் சோவுக்குள் சிக்கிய வட்டத் துண்டை எடுக்க சுத்தியலால் அடித்து வாயை நெளித்துவிட வேண்டாம். துண்டில் இரண்டு பெரிய ஸ்க்ரூவை எதிரெதிராக இறக்கிக்கொண்டே போங்கள். ஸ்க்ரூவின் முனை ஹோல் சோவின் முதுகில் போய் முட்டி, துண்டைத் தானே வெளியே தள்ளும்.

ஜூலை 21

தலவாக்கலையிலிருந்து: கணப்படுப்பின் தகரப் புகைக்குழாயைப் பலகைச் சீலிங் வழியாக மேலே எடுக்க 6 அங்குல ஓட்டை போட வேண்டுமாம், எந்த ஹோல் சோ என்று கேட்கிறார்.

எந்த ஹோல் சோவும் இல்லை. தயவுசெய்து வேலையை நிறுத்துங்கள். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரத்துக்கும் இடையில் 18 அங்குலம் இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான பாதுகாப்பு விதி. அந்தக் குழாய் பலகை வழியாகப் போகவே கூடாது. முதல் நாள் ஒன்றும் ஆகாது, ஆகாததால்தான் ஆபத்து. சூடு பட்டுப் பட்டு மரம் உள்ளுக்குள் காய்ந்து, வருடங்கள் கழித்து ஒரு குளிர் இரவில் சாதாரணச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். சீலிங் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் உள்ளே வெப்பக் காப்பு அடைத்த இரட்டைத் தகட்டுக் குழாயும், அதற்கென்று வரும் உலோகப் பெட்டியும் வேண்டும். கட்டைகளை வெட்டிச் சதுரமாகச் சட்டம் கட்ட வேண்டும், குழாய் செய்தவர் சொன்ன இடைவெளியை விட வேண்டும்.

உங்கள் வீட்டில் கல்சுவர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பலகையைத் தொடாமல் சுவர் வழியாக வெளியே எடுத்துவிடுங்கள். அதற்கு டைமண்ட் கோர் கட்டர் வாடகைக்கு எடுங்கள், அல்லது மேசன் பாஸைக் கூப்பிட்டு உளியால் உடைத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்த பிறகும் கூரை ஓரத்து மரத்துக்கு அதே 18 அங்குலம்.